எல்லைக் கல்லுக்கு வெளியே ஒரு காதுகுத்து

என் தம்பி தாமோதரன் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனானபோது எனக்கு வந்தது கோபம். அவனைச் சாக்காக வைத்து என் புகுந்த வீட்டுப் பங்காளிகள் போட்ட ஆட்டத்தைப் பார்த்தபோது வந்தது குமட்டல். கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும். குமட்டல் அப்படி ஆறுவதில்லை. இன்றைக்கும் சாப்பிடுகிற நேரத்தில் தாண்டவராயன் மாமாவின் முகம் நினைவுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

தாமோதரனை நாங்கள் தாமு என்போம். என்னைவிடச் சின்னவன். தாமல்தான் எங்கள் பிறந்த ஊர். நைனாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். உத்திரமேரூர் பக்கத்தில் நான் சுப்பிரமணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, என் பெண் செங்கேணி வயிற்றில் இருக்கும்போது, தாமுவுக்கு டிபி கண்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தான். பிள்ளைத்தாய்ச்சியை அந்த வார்டுக்குள் விடமாட்டார்கள். பிள்ளை பிறந்த பிறகு கைக்குழந்தைக்காரியையும் விடவில்லை. என் புருஷன்தான் அறுவடை, நடவு பார்க்காமல் அவ்வப்போது போய் வருவார். தாமல் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இருமல் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ நாலு பேர் பைபிளும் பன்னுமாக வந்து, அவன் கட்டிலோரம் உட்கார்ந்து பாடி ஜெபம் பண்ணினார்களாம். அவன் சளி துப்பிய கிண்ணத்தைக் கழுவி வைத்தார்களாம். உடம்பு தேறி வெளியே வந்தவன் காஞ்சிபுரத்தில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். பேரும் தானியேல் ஆகிவிட்டது.

“ஒரு பன்னுக்கு சாமிய வித்துட்டான்” என்று கிணற்றடியில் நாலு பேர் கேட்கச் சொன்னாள் ஆண்டாளம்மாள். அவள் தாண்டவராயன் மாமாவின் பெண்சாதி. தாண்டவராயன் என் மாமனாரின் அண்ணன். என் மாமனார் காலமான பிறகு எங்கள் வகையறாவுக்கு அவர்தான் தலைக்கட்டு.

“அந்தப் பன்ன நீங்க ஆராச்சும் எத்துக்கினு போய் குடுத்திருக்கலாமே அத்த” என்றேன்.

அன்றிலிருந்து அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. நானும் வருத்தப்பட்டதில்லை.

அதற்காக என் தம்பியைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லவரவில்லை. புதுசாகச் சேர்ந்தவனுக்கு வேகம் அதிகம். வாயைத் திறந்தால் ஸ்தோத்திரம். பஸ் வந்தால் ஸ்தோத்திரம், வராவிட்டாலும் ஸ்தோத்திரம். வேதத்தில் சேர்ந்த முதல் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன், நான் இலையில் வைத்த சர்க்கரைப் பொங்கலைப் பார்த்துவிட்டு, “படைச்சதா அக்கா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். இலையை மெதுவாகத் தள்ளி வைத்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என் எச்சில் சோற்றைப் பிடுங்கித் தின்றவன். அந்தப் பொங்கலை அவன் கண்ணெதிரிலேயே கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டேன்.

போகும்போது என் புருஷன் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனான். பாவத்தின் சம்பளம், நரகத்தின் நெருப்பு என்று என்னென்னவோ. அவர் ஒரு வரி விடாமல், கடைசியில் இருந்த அச்சாபீஸ் விலாசம் வரைக்கும் படித்தார். “அச்சு நல்லா கீது” என்று சொல்லி மடித்து வைத்தார். என் புருஷன் அப்படித்தான். யாரையும் நோகடிக்க மாட்டார், யாருக்கு எதிராகவும் பேசவும் மாட்டார். அந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பேஜார் எனக்குத்தான் தெரியும்.

செங்கேணிக்கு மூன்று வயது நடக்கும்போது, தை மாசம் களம் ஒழிந்ததும், காது குத்துவது என்று முடிவாயிற்று. எங்கள் குலதெய்வம் ஏரிக்கரைப் பொன்னியம்மன். அங்கேதான் கிடா வெட்டிப் பொங்கல் வைத்து, குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது. தாய்மாமன் மாலையும் துணியும் கம்மலும் தட்டில் வைத்து எடுத்து வரவேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது கூரையும் சுவரும் இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற ஓர் ஆள். அந்த ஆள் வராவிட்டால், எனக்கு நாதியில்லை என்று ஊருக்கே தமுக்கடித்த மாதிரி. நாளைக்கு என் பெண் பெரியவளானாலும், கல்யாணம் என்றாலும், நானே செத்துப்போனாலும், முதலில் தேடுவது அந்த ஆளைத்தான். எனக்கு இருந்தது தாமு ஒருவன். அவனை இந்த ஒரு சடங்கில் விட்டுவிட்டால் எல்லாவற்றிலும் விட்டமாதிரிதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தாண்டவராயன் மாமா எங்கள் வீட்டு நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு சொன்னார். “அந்தப் பையன் அம்மன் எல்லைக்குள்ள கால் வெக்கக் கூடாது. வரணும்னா எல்லைக் கல்லுக்கு வெளிய நிக்கட்டும். சீர ஆரு கைலயாச்சும் குடுத்து அனுப்பட்டும்.”

“மடியில ஆரு மாமா உக்கார வெப்பாங்க?” என்றேன்.

“அதுக்கா ஆள் இல்ல? ஒங்க தாமல்லயே கேளு.”

கேட்டுப் பார்த்தேன். பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தனுக்கு அன்றைக்கென்று முக்கியமான வேலை. இன்னொருத்தனுக்கு அன்றைக்கென்று முதுகு வலி. சீர் செய்ய வேண்டுமே என்ற பயம் இரண்டு பேருக்கும். மதம் மாறினவனைத் திட்டுவதற்கு மட்டும் வேலையும் இல்லை, முதுகு வலியும் இல்லை.

பிறகுதான் தாண்டவராயன் மாமா பாண்டுரங்கனைப் பிடித்தார். பாண்டுரங்கன் யார் என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த அசிங்கம் விளங்காது. என் புருஷனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். வயசில் எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவன், தலை பாதி நரைத்தவன். ஆனால் முறையில் எனக்கு மகன். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். எங்கே விசேஷம் என்றாலும் பந்திக்கு முந்துகிற ஆள். காதுகுத்தில் மாமனுக்குப் புது வேட்டியும் கிடாவின் தலைக்கறியும் உண்டு என்பது அவன் நாக்குக்கு நன்றாகத் தெரியும்.

“பாண்டுரங்கன் மாமனா உக்காருவான்” என்றார் தாண்டவராயன் மாமா.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். “அவரு எனக்குப் புள்ள மொற ஆவுதே மாமா. நம்ம பங்காளி. தகப்பன் வழி ஆளு எப்டி தாய்மாமனா உக்காருவாரு?”

“ஒரு நாளிக்கி மொறைய மாத்தி வெச்சிக்கினா குடியா மூய்கிடும்? ஒனக்கு அண்ணன்னு நெனச்சிக்க.”

“எனக்கு அண்ணன்னா எங்க வூட்டுக்காரருக்கு மச்சான். அண்ணன் மவன் எப்டி மச்சான் ஆவாரு?”

“ரொம்பப் பேசாத” என்றார்.

என் புருஷனைப் பார்த்தேன். அவர் ஒரு வைக்கோல் துரும்பால் பல் குத்திக்கொண்டு வாசலைப் பார்த்தார். அந்தத் துரும்பைப் பிடுங்கி அடுப்பில் போடலாம் போல இருந்தது.

எனக்குத் தெரிந்து எங்கள் ஆட்கள் முறையில் மட்டும் பிசக மாட்டார்கள். பெண் பார்க்கப் போனால் கொள்ளுத் தாத்தா வரைக்கும் நோண்டி எடுத்து, அண்ணன் தங்கை முறை வந்துவிட்டால் நல்ல சம்பந்தத்தைக்கூட உதறிவிட்டு வருவார்கள். முறை தவறுவது மாடு செய்கிற வேலை என்பார்கள். அதையே இப்போது சட்டையைக் கழற்றி மாட்டுவதுபோல் மாற்றிவைக்கத் தயாராகிவிட்டார்கள். சாமியை மாற்றினவன் தீட்டு. முறையை மாற்றினவர் பெரிய மனிதர்.

மறுநாள் செங்கேணியை ஆண்டாளம்மாளிடமா விட முடியும், கையோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து தாமல். தாமு எங்கள் பழைய வீட்டில் தனியாகத்தான் இருந்தான். நைனா உட்கார்ந்து வெற்றிலை போடுகிற இடத்தில் இப்போது ஒரு சிலுவைப் படம். ஆனால் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டவன் அதே தாமுதான். அவளுக்குக் காய்ச்சின பாலை ஆற்றி ஆற்றி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துக் கொடுத்தான்.

விஷயத்தைச் சொன்னேன்.

“அக்கா, நானே ஒன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். சீர் நான் கொண்டாரேன். கம்மல்கூட செய்யச் சொல்லிட்டேன். ஆனா அம்மன் எதிர்ல உக்கார மாட்டேன். பாஸ்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அது விக்கிரகம்.”

“அப்ப நீயும் வரமாட்டன்ற.”

“வரமாட்டேன்னு சொல்லலியே. அங்க வாணாம்னு சொல்றேன்.”

“ஒம் பாஸ்டரும் எங்க மாமாவும் ஒண்ணா உக்காந்து பேசிக்கினாங்களா? ரெண்டு பேரும் ஒரே பாட்ட பாடறாங்களே. ஒருத்தருக்கு நீ தீட்டு, இன்னொருத்தருக்கு நாங்க தீட்டு. நடுவுல எம்பொண்ணு காது இன்னா பாவம் பண்ணிச்சி?”

“கோவப்படாத அக்கா. உனுக்காக ஜெபம் பண்ணிக்கினுதான் கீறேன்.”

“எனுக்கு ஜெபம் வாணாம். மடி வோணும்” என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கு மனசு இளகவில்லை. அந்த நேரத்தில் அவனைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் பின்னாலேயே வந்தான். “கல்லு வரிக்கும் வரேன் அக்கா. அங்கியே நிக்கறேன்” என்றான். “நில்லு. காவலுக்கு நாயும் அங்கதான் நிக்கும்” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். உடன்பிறந்தவனிடம் அப்படிப் பேசினேனே என்று வழியெல்லாம் அழுதேன். அழுகைக்கு நடுவிலும் கோபம் குறையவில்லை.

காதுகுத்து நாளில் விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்விட்டோம். அந்த வருஷம் நல்ல மழை, ஏரி கரையை முட்டிக்கொண்டு நின்றது. அம்மனுக்குச் சாத்தின சிவப்புப் புடவை உத்திரமேரூர் அப்துல் ஜப்பார் பாய் கடையில் எடுத்தது. தாண்டவராயன் மாமாவே கூட வந்து, பாய் எடுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, பாய் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, சரிகையை உரசிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அது தீட்டில்லை. அம்மன் கட்டிக்கொண்டாள்.

கிடா வெட்டி, ஒரு பக்கம் கறி வெந்துகொண்டிருந்தது. பொங்கல் பொங்கிற்று. கற்பூரம் காட்டினார்கள். முத்துவேல் பத்தர் தங்கக் கம்பியும் மஞ்சளுமாகத் தன் பையை விரித்து உட்கார்ந்தார். அவர்தான் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாக் காதுக்கும் ஓட்டை போடுகிறவர். தூரத்தில் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், வயல் வரப்பில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தாமு தட்டோடு நின்றான். வெயில் ஏறிவிட்டது. ஒருவரும் அவனை நிழலுக்கு வா என்று சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் எடுத்துப்போன என்னை ஆண்டாளம்மாள், “பூசை முடியறதுக்குள்ள அங்க இன்னா வேல” என்று தடுத்தாள்.

அவன் கொண்டுவந்த சீர்த்தட்டை வாங்கிவர மட்டும் ஆள் போயிற்று. அவன் ஆகாது, அவன் செய்த கம்மல் ஆகும். தாண்டவராயன் மாமா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். “கல்லு நல்ல கல்லுதான்” என்று பத்தரிடம் சொன்னார். எனக்கு அங்கேயே துப்ப வேண்டும் போல இருந்தது. அம்மன் சந்நிதி ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

பாண்டுரங்கன் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, என் தம்பி வாங்கிவந்த மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, மணைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். காலையிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்திருந்தான். சந்தனத்தையும் மீறி அந்த நாற்றம் வந்தது. இரண்டு கையையும் நீட்டினான்.

“கொயந்தய குடு சித்தி” என்றான்.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வழக்கமாகக் கூப்பிடுகிறதுதானே. எனக்குத்தான் அந்தச் சொல் காதில் நின்றது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“மாமா, இவரு என்ன சித்தின்றாரு” என்றேன்.

தாண்டவராயன் மாமா பல்லைக் கடித்தார். “வாய் தவறி வந்திருக்கும். குடு, நேரம் ஆவுது.”

“வாய் தவறல. சரியாத்தான் கூப்டாரு. இவரு எனக்குப் புள்ளதான். எம்புள்ள எம்பொண்ணுக்கு அண்ணன். அண்ணன எப்டி மாமன்னு மாலை போட்டு உக்கார வெச்சீங்க? நாளைக்கி ஊர்ல கேட்டா இன்னா சொல்லுவீங்க?”

“மொற நாங்க வெக்கறதுதான். தலைக்கட்டு நான் சொல்றேன்.”

“நீங்க ஒரு நாளிக்கி மொறைய மாத்தலாம். அவன் சாமிய மாத்தக் கூடாது. அவன் சாமிய மாத்திக்கினாலும் எனக்குத் தம்பிதான். எத்தினி சாமி மாத்தினாலும் எங்க அம்மா வவுத்துல பொறந்தவன்தான். அத மாத்த ஆராலயும் முடியாது.”

பெண்கள் பக்கம் சலசலப்பு கிளம்பியது. பாண்டுரங்கன் நீட்டிய கையை மடக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தான். நான் அவன் கழுத்து மாலையைக் கழற்றினேன். அவன் தலையைக் குனிந்து கொடுத்தான், பாவம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைப் பார்த்து நடந்தேன்.

“சுப்பிரமணி” என்று கத்தினார் தாண்டவராயன் மாமா. “ஒம் பொண்டாட்டி கல்லத் தாண்டிப் போறா. நீயும் தாண்டின, அத்தோட ஒங்க வூட்டுக்கும் எங்களுக்கும் ஒண்ணும் கெடியாது. நல்லதுக்கும் வரமாட்டோம், கெட்டதுக்கும் வரமாட்டோம்.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் புருஷன் வாசலைப் பார்க்கிற ஆள் என்று எனக்குத் தெரியும். வராவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் நடந்தேன். கல்லைத் தாண்டினதும்தான், குத்துவதற்குப் பத்தர் வேண்டுமே என்ற யோசனையே வந்தது. மாமாவின் பேச்சை மீறிப் பத்தர் எழுந்து வருவாரா? அவர் பிழைப்பு இந்த ஊரில். முள் ஏதாவது கிடைக்குமா என்று வேலிப்பக்கம் பார்த்தேன். அப்படி ஒரு வெறி.

பின்னால் ஏதோ கலகலவென்று சத்தம் கேட்டது. திரும்பினால் என் புருஷன். கையில் முத்துவேல் பத்தரின் பை. சுத்தியும் கம்பியும் குறடுமாக அதை அப்படியே சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பத்தர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக.

“என் சாமானத் தூக்கிக்கினு வந்துட்டாருங்க” என்று பத்தர் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். “நான் போய்த்தான ஆவணும்.”

என் புருஷன் என்னிடம் வந்து, “கம்மல விட்டுட்டு வந்துட்டியே” என்று மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பட்டப்பகலில் தோன்றியது அன்றைக்கு மட்டும்தான்.

தாமு இரண்டு அடி பின்னால் போனான். “அக்கா, என்னால வாணாம் அக்கா. நான் பூடறேன்.”

“ஒங்க பாஸ்டர் அம்மன் எதிர்ல வாணாம்னாரு. இது எதிரில்ல, அம்மன் எல்லையே இல்ல. எங்க மாமா எல்லைக்கு உள்ள வாணாம்னாரு. இது உள்ளயும் இல்ல. இப்ப ஒனக்கு இன்னா கஷ்டம்? உக்காரு.”

வரப்பில் உட்கார்ந்தான். என் புருஷன் தன் மேல்துண்டை அவன் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து நிழல் கொடுத்தார். மாலையைத் தாமுவின் கழுத்தில் நானே போட்டேன். அதைக்கூட வேண்டாம் என்று சொல்லப்போகிறானோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. குழந்தையை மடியில் வைத்தேன். பத்தர் மஞ்சளால் குறி வைக்கும்போது, “இயேசப்பா” என்று உரக்க ஆரம்பித்தான்.

“மனசுக்குள்ள சொல்லு. அவருக்குக் கேக்கும்” என்றேன்.

அவன் உதடு மட்டும் அசைந்தது. நான் பொன்னியம்மா என்று சொல்லிக்கொண்டேன். பத்தர் கம்பியை இறக்கினார். செங்கேணி வீறிட்டாள். அடுத்த காதைக் குத்தும்போது தாமுவின் கையைக் கடித்துவிட்டாள், பல் பதியக் கடித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத முகத்தோடு அவளை மார்போடு அணைத்துக்கொண்டான். அவள் அழுது அழுது ஓய்ந்து, அப்படியே அவன் மடியில் தூங்கிப்போனாள். பத்தர் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு, கோயில் பக்கம் திரும்பாமல் வயல் வழியாகவே ஊருக்குப் போய்விட்டார்.

இனி அந்தப் பக்கம். ஒன்றும் கிடையாது என்று சொன்னவர்கள் எழுந்து போயிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலை போட்டார்கள். எங்கள் கிடா, எங்கள் அரிசி, எங்கள் எண்ணெய். முதல் பந்தியில் தாண்டவராயன் மாமா நடு இலை. பாண்டுரங்கனுக்கு மறக்காமல் தலைக்கறி. மடிக்குப் பிள்ளை கிடைக்காவிட்டாலும் தலை கிடைத்துவிட்டது. எலும்பை உறிஞ்சுகிற சத்தம் இங்கே கேட்கிறதோ என்று எனக்குப் பிரமை. இரண்டாம் பந்தியும் உட்கார்ந்தது. மிச்சத்தை ஆண்டாளம்மாள் தூக்குப் பாத்திரத்தில் வழித்தாள். ஒருவருக்கும் தொண்டையில் விக்கவில்லை.

கை கழுவின பிறகுதான் மானம் ரோஷம் எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆண்கள் வரிசையாக ஏரியில் இறங்கினார்கள். உறவு அற்றுப்போனது என்றால் எங்கள் பக்கம் தலை முழுகிவிடுவது. செத்தவர்களுக்குச் செய்வது. உயிரோடு நாங்கள் மூன்று பேரும் எதிர் வரப்பில் உட்கார்ந்து பார்க்க, குழந்தை தூங்க, அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார்கள். பாண்டுரங்கன் ஏப்பம் விட்டுக்கொண்டே முழுகினான். வயிறு நிறைய எங்கள் சோறு, தலை நிறைய எங்களைக் கழுவின தண்ணீர். காலையில் வகையறாவுக்கென்று நாங்கள் வைத்துக்கொடுத்த புதுத் துண்டை எடுத்துத்தான் எல்லாரும் தலை துவட்டினார்கள்.

“துண்டு சாயம் போவுது போலக்கீது” என்றார் என் புருஷன். ஆண்டாளம்மாளின் மகன் தோளெல்லாம் சிவப்பு.

தாமு தலையைக் குனிந்துகொண்டான். “என்னாலதான அக்கா.”

“ஒன்னால இல்ல. நீ சும்மா ஒக்காரு. புள்ள முயிச்சிக்கும்” என்றேன்.

ஊருக்குப் போகும் வழி அந்த வரப்பை ஒட்டித்தான். ஈரத்தலையோடு ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியாகத் தாண்டவராயன் மாமா வந்தார். நான் எழுந்து நின்றேன். வயசில் பெரியவர் வந்தால் எழுந்து நின்று பழகின கால்கள், அவை கேட்கவில்லை. வாயும் கேட்கவில்லை.

“சாப்டீங்களா மாமா?” என்றேன்.

அவரும் நின்றுவிட்டார். அவருக்கும் பழக்கம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“சாப்டேன் சாப்டேன்” என்றார். “கறி நல்லா வெந்திருந்திச்சி. உப்புதான் ஒரு கல்லு கம்மி.”

சொன்ன பிறகுதான் யாரோடு பேசுகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு வேகமாக நடந்தார். அடுத்த தடவை சரியாகப் போட்டுவிடுகிறேன் மாமா என்று என் வாய் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த தடவை என்று ஒன்று இல்லை, எங்கள் வீட்டில் ஒரு சாவு என்றாலும் இந்த மனிதர் வரமாட்டார் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தாமுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் கையில் என் பெண்ணின் பல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. அதைத் தடவிவிட்டேன்.